சமதரையில் சிக்கும் காற்று
நீர்வழிக் குழாய்கள் – 17

நீர் ஓடும் குழாய்க்குள் காற்றும் இருக்கிறது. அதை வேண்டாதபோது வெளியேற்றவும், வேண்டும்போது வெளிக்காற்றை உள்ளே விடவும் குழாயின் முதுகில் பொருத்தப்படும் தானியங்கி அமைப்புதான் ஏர் வால்வு. மின்சாரமோ ஆள் கையோ இல்லாமல், உள்ளிருக்கும் ஒரு மிதவை எழுவதும் விழுவதுமாக அது வேலை செய்கிறது. பல கோடி ரூபாய்ச் செலவில் பதிக்கும் குழாய் முழுக் கொள்ளளவில் ஓடுமா, மின்தடை வந்தால் தாங்குமா என்பதைப் பெரும்பாலும் இந்தச் சிறு உறுப்பே முடிவு செய்கிறது.

மேடும் பள்ளமுமான நாட்டில் ஏர் வால்வின் தேவை கண்ணுக்குத் தெரியும். ஒகேனக்கலில் இருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் கொண்டுசெல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குழாய் மலைச்சரிவுகளில் ஏறி இறங்குகிறது; உச்சி எது என்பதில் யாருக்கும் ஐயம் வராது. சென்னைக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில் நிலைமை வேறு. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டிச் சேரப்பணஞ்சேரி வழியாக ஒரகடம் போகிறவர் கண்ணுக்குத் தரை தட்டையாகவே தெரியும். ஏரிகளும் கால்வாய்களும் நிறைந்த இந்தச் சமதரையில்தான் காற்று எங்கே தங்கும் என்று கண்டுபிடிப்பது கடினம்.

இந்த வட்டாரத்துக்கு நீளமான குழாய் புதிதல்ல. கோயம்பேட்டில் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, எதிர்சவ்வூடு பரவல் முறையில் உப்பையும் பிரித்தெடுக்கும் ஆலையைச் சென்னைக் குடிநீர் வாரியம் 2019-இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன் கொண்ட அந்த ஆலையின் நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய சிப்காட் வளாகங்களுக்குக் குழாய் வழியே செல்கிறது. ஏரி நீரையும் நிலத்தடி நீரையும் குடிநீருக்கு விட்டுவிட்டு ஆலைகளை மறுபயன்பாட்டு நீருக்கு மாற்றுவதே திட்டத்தின் நோக்கம். இவ்வளவு தொலைவு போகும் எந்தக் குழாயிலும் காற்றைக் கையாள்வது தனி வடிவமைப்பு வேலை.

காற்று எங்கிருந்து வருகிறது?

குழாய்க்குள் காற்று வர மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வெற்றுக் குழாயில் ஏற்கெனவே இருக்கும் காற்று. 1,000 மி.மீ. விட்டமுள்ள குழாயின் ஒரு கிலோமீட்டர் நீளம் ஏறத்தாழ 7.85 லட்சம் லிட்டர் கொள்ளும். முதன்முறை நீர் விடும்போதும், பழுதுக்காக வடித்துவிட்டு மீண்டும் நிரப்பும்போதும் அவ்வளவு காற்றையும் நீர் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

இரண்டாவது, நீரில் கரைந்திருக்கும் காற்று. வழக்கமான வெப்பநிலையிலும் வளிமண்டல அழுத்தத்திலும் நீர் தன் பருமனில் சுமார் 2 விழுக்காடு காற்றைக் கரைத்து வைத்திருக்கும். அழுத்தம் குறைந்தாலோ வெப்பம் ஏறினாலோ அதில் ஒரு பங்கு குமிழிகளாகப் பிரியும். நாளுக்கு 4.5 கோடி லிட்டர் ஓடும் குழாயில் கரைந்த காற்று மட்டும் சுமார் 9 லட்சம் லிட்டர். இவ்வளவும் பிரியாது, நூற்றில் ஒரு பங்கு பிரிந்தாலும் நாளுக்கு 9,000 லிட்டர் காற்று எங்காவது சேரும். குழாய் ஓடும் நாளெல்லாம் இது நடந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது, இயந்திரங்களும் இணைப்புகளும் உள்ளே இழுக்கும் காற்று. பம்ப் நீர் எடுக்கும் தொட்டியான சம்பில் நீர்மட்டம் தாழ்ந்து உறிஞ்சு குழாயின் வாயருகே சுழி விழுந்தால் பம்ப் நீரோடு காற்றையும் இழுத்துக்கொள்ளும். பம்பின் அச்சைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கிளாண்ட் பாக்கிங் தேய்ந்திருந்தாலும், குழாயில் எதிர்மறை அழுத்தம் ஏற்படும் இடத்தில் இணைப்பு தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். இந்த வகைக் காற்றை வால்வு வைத்துச் சமாளிப்பதைவிட, சம்பில் போதிய ஆழம் நீர் நிறுத்துவதும் கசிவை அடைப்பதுமே சரியான வழி.

காற்று தங்கினால் என்ன ஆகும்?

குழாயில் பிரிந்த குமிழிகள் மேற்சுவரை ஒட்டி நகர்ந்து உயரமான இடங்களில் ஒன்றுசேரும். நீர் அந்தக் காற்றுப்பைக்கு அடியில் ஒடுங்கி ஓட நேரும். கீழ்நோக்கிச் சரியும் பகுதியில் காற்றுப்பை நீண்டு கிடந்தால், அதன் இரு முனைகளுக்கும் இடையிலான உயர வேறுபாடு எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு அழுத்த உயரம் அங்கே வீணாகும். ஒரு பை 1.5 மீட்டரை விழுங்கினால் பத்துப் பைகள் 15 மீட்டரை விழுங்கும். நொடிக்கு 520 லிட்டர் நீரைத் தள்ளும் பம்ப், அதாவது நாளுக்கு 4.5 கோடி லிட்டர் தருவது, இந்த 15 மீட்டரைக் கூடுதலாகச் சுமக்க வேண்டுமானால், பம்பும் மோட்டாரும் சேர்ந்து 70 விழுக்காடு திறனில் இயங்குவதாகக் கொண்டால் நாளொன்றுக்குச் சுமார் 2,600 யூனிட் மின்சாரம் அதிகம் செலவாகும். பம்பின் திறன் அதற்கு இடம் தராவிட்டால் நீரின் அளவு குறையும். காற்றுப்பைகள் மொத்தமாக விழுங்கும் உயரம் பம்பின் ஏற்ற உயரத்தை எட்டினால் ஓட்டமே நின்றுவிடும். ‘ஏர் லாக்’ என்று பிளம்பர்கள் சொல்வது இதைத்தான்.

அளவீடும் கெடும். ஆலை வாசலில் இருக்கும் மீட்டர் வழியே காற்று பாய்ந்தால் சுழலி வகை மீட்டர் அதையும் நீர் என்றே எண்ணும். மின்காந்த மீட்டரில் எண்கள் தாவும். குளிர்விப்புச் சுற்றில் காற்று புகுந்தால் வெப்பப் பரிமாற்றம் குறையும். எஃகுக் குழாயின் மேற்சுவர் நீரும் காற்றும் மாறி மாறிப் படும் இடத்தில் விரைவாகத் துருப்பிடிக்கும்.

உள்ளே தேவையான காற்று கிடைக்காமல் போவது இவற்றைவிடக் கேடானது. தாழ்வான இடத்தில் குழாய் உடைந்தாலோ, அங்கே குழாயை வடிக்க வைத்திருக்கும் கழுவு வால்வைச் சட்டென்று முழுதாகத் திறந்தாலோ, மேட்டுப் பகுதியில் இருக்கும் நீர் வேகமாக இறங்கும். அது விட்டுச் செல்லும் இடத்தை நிரப்பக் காற்று வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உருவாகி, வெளியிலிருக்கும் வளிமண்டலம் குழாயை நசுக்கும். 1,800 மி.மீ. விட்டமும் 9 மி.மீ. தடிப்பும் உள்ள எஃகுக் குழாய், மண்ணின் தாங்கலும் வளையங்களும் இல்லாத நிலையில், உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிட 0.57 பார் குறைந்தாலே சப்பிப்போகும் என்று வளையக் கணக்கு காட்டுகிறது. முழு வெற்றிடம் என்பது சுமார் 1 பார். தடிப்பை இரு மடங்காக்கினால் தாங்கும் வலு எட்டு மடங்காகும் என்பது உண்மையே. ஆனால் பல கிலோமீட்டருக்கு எஃகை இரட்டிப்பதைவிட நல்ல ஏர் வால்வுகள் வைப்பது மிக மலிவு. டக்டைல் அயர்ன் குழாய்கள் சப்பிப்போவது அரிது. அவற்றில் இணைப்பின் ரப்பர் வளையம் உள்ளே இழுபடும் அபாயம் இருக்கிறது. குறைந்த அழுத்தத்துக்கான மெல்லிய எச்.டி.பி.இ. குழாயும் வெற்றிடத்தில் நெளியக்கூடியதே.

வீராணம் ஏரி நீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் குழாயை இங்கே நினைவில் கொள்ளலாம். 2004-இல் பயன்பாட்டுக்கு வந்த புதிய வீராணம் திட்டத்தில், வடக்குத்தில் சுத்திகரித்த நீர் கடாம்புலியூரில் உள்ள அழுத்தம் தணிக்கும் தொட்டிக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து போரூர் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் புவியீர்ப்பாலேயே எஃகுக் குழாயில் வருகிறது. இப்படிப்பட்ட குழாயில் எந்தப் புள்ளியில் உடைப்பு நேர்ந்தாலும் மேற்புறத்து நீர் தானாகவே வடியத் தொடங்கும். பம்பை நிறுத்தி அதைத் தடுக்க முடியாது. வழியெங்கும் காற்று உள்ளே நுழைய வாயில் இருந்தாக வேண்டும்.

மூன்று வேலை, இரண்டு துளை

ஏர் வால்வுக்கு மூன்று வேலைகள். குழாய் நிரம்பும்போது பெருமளவு காற்றை வெளியே விட வேண்டும். குழாய் வடியும்போது பெருமளவு காற்றை உள்ளே விட வேண்டும். குழாய் அழுத்தத்தில் ஓடும்போது சிறுகச் சிறுகச் சேரும் காற்றை அவ்வப்போது கழிக்க வேண்டும். முதல் இரண்டும் பெரிய துளையின் வேலை. மூன்றாவது சிறிய துளையின் வேலை.

பெரிய துளையால் மூன்றாவது வேலையை ஏன் செய்ய முடியாது என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கிவிடும். 50 மி.மீ. துளையின் பரப்பு சுமார் 1,960 சதுர மி.மீ. குழாயில் 10 பார் அழுத்தம் இருந்தால் அந்தத் துளையை மூடியிருக்கும் பந்தை ஏறத்தாழ 200 கிலோ விசை மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். கீழே காற்று சேர்ந்து நீர்மட்டம் இறங்கினாலும், சில கிலோ எடையுள்ள பந்து அந்த விசையை மீறி விழாது. குழாயில் அழுத்தம் ஏறக்குறைய அற்றுப்போனால்தான் அது இறங்கும். துளை 2.5 மி.மீ. ஆக இருந்தால் அதே 10 பாரில் விசை அரைக் கிலோதான். அரைக் கிலோவுக்குச் சற்று அதிக எடையுள்ள மிதவை தானே இறங்கித் துளையைத் திறக்கும். நெம்புகோல் சேர்த்தால் இன்னும் இலேசான மிதவையே போதும்.

இந்தக் கணக்கின் அடிப்படையில்தான் ஏர் வால்வுகள் மூன்று வகையாகின்றன. சிறு துளை மட்டும் உள்ளது காற்றுக் கழிப்பு வால்வு. பெருந்துளை மட்டும் உள்ளது காற்று–வெற்றிட வால்வு. ‘கைனடிக்’ வால்வு என்றும் சொல்வார்கள். இரண்டையும் ஓர் உடலில் சேர்த்தது கூட்டு வால்வு. தமிழகத்தின் பழைய குழாய்களில் அடிக்கடி கண்ணில் படும் இரட்டைப் பந்து வால்வு இந்தக் கூட்டு வகைதான்: வார்ப்பிரும்பு உடலில் பக்கத்துக்கு ஓர் அறை, ஒன்றில் பெரிய பந்து, மற்றதில் சிறிய பந்து. புதிய வடிவங்களில் இரண்டு துளைகளும் ஒரே அறைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துவிட்டன. நீர்ப்பணிகளுக்கான வார்ப்பிரும்பு ஏர் வால்வுகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 14845 என்ற தர விதி 2000-ஆம் ஆண்டு முதல் உள்ளது.

கூட்டு வால்வு எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்பதால், ஐயம் வரும் இடத்தில் அதையே வைப்பது பாதுகாப்பு. காற்றுக் கழிப்பு வால்வு மட்டும் போதும் என்று முடிவெடுக்கும் முன் அந்த இடத்தில் வெற்றிடம் வரவே வராது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எங்கே வைப்பது?

இடத்தைத் தேர்வதற்கு முதல் ஆவணம் குழாயின் நீள்வெட்டு வரைபடம். அதில் தரைமட்டக் கோட்டைவிடக் குழாயின் மேற்சுவர்க் கோடும், வழிநெடுக நீரின் அழுத்த உயரம் குறைவதைக் காட்டும் அழுத்தச் சரிவுக் கோடும் முக்கியம். ஏறுமுகம் முடிந்து இறங்குமுகம் தொடங்கும் ஒவ்வோர் உச்சியிலும் ஒரு கூட்டு வால்வு தேவை. உச்சி இல்லாமலே சரிவு மட்டும் மாறும் இடங்களும் உண்டு: மெதுவாக இறங்கிவந்த குழாய் திடீரென்று செங்குத்தாக இறங்கும் முழங்கை, செங்குத்தாக ஏறிவந்த குழாய் மெதுவான ஏற்றத்துக்கு மாறும் முழங்கை. இந்த இரண்டிலும் ஓட்டம் நிற்கும் தறுவாயில் நீர்த்தம்பம் அறுபட்டுப் பிரியக்கூடும். நீண்ட ஏற்றத்திலும் நீண்ட இறக்கத்திலும் 400 முதல் 800 மீட்டருக்கு ஒன்று என்று வைப்பது வழக்கம்.

பம்பின் வெளிவாயில், நான்-ரிட்டர்ன் வால்வுக்கு முன்னால் ஒன்று வேண்டும். பம்ப் ஓடத் தொடங்கும்போது தூக்குக் குழாயில் இருக்கும் காற்று அதன் வழியே போகும். நெடுவழியில் இருக்கும் ஒவ்வொரு ஸ்லூயிஸ் வால்வையும் மூடி ஒரு பகுதியை மட்டும் வடிக்க நேரும் என்பதால், மூடிய வால்வின் வடியும் பக்கத்தில் காற்று நுழைய வழி இருக்க வேண்டும். மீட்டருக்கு முன்னால் ஒரு காற்றுக் கழிப்பு வால்வு வைத்தால் அளவீட்டுத் தகராறு பெருமளவு தவிரும்.

சேரப்பணஞ்சேரி போன்ற சமதரையில் இந்த விதிகளை அப்படியே பொருத்தினால் உச்சியே அகப்படாது. ஆனால் குழாய் பதித்த பின் நிலைமை மாறுகிறது. சாலையோரம் போகும் குழாய் ஏரியின் உபரிநீர்க் கால்வாயைக் கடக்க இரண்டு மூன்று மீட்டர் கீழே இறங்கி மீண்டும் ஏறும். நெடுஞ்சாலையின் சிறுபாலத்துக்கு அடியிலோ ஆலை வாசலின் கல்வெர்ட்டுக்கு அடியிலோ இன்னோர் இறக்கம். வாய்க்காலை மேலே தாண்டினால் குழாய்ப் பாலத்தின் நடு முதுகு ஓர் உச்சி. வேறு துறையின் கேபிள் குறுக்கே வந்ததால் வரைபடத்தில் இல்லாத ஒரு மேடு களத்தில் உருவாகும். இப்படி ஒவ்வொரு கடப்பும் தனக்கென ஒரு காற்றுப் பொறியை உண்டாக்குகிறது. இறங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், மேற்சுவர் கடைசியாக உயர்ந்து நிற்கும் புள்ளியே வால்வுக்கு உரிய இடம்.

கடப்புகளுக்கு இடைப்பட்ட நேர்ப்பகுதியையும் முழுக்க மட்டமாகப் பதிக்கக் கூடாது. மட்டமான குழாயில் குமிழிக்குப் போகும் திசை தெரியாது. பதிப்பில் நேரும் சிறு பிசகுகூட ஒரு பையை உருவாக்கிவிடும். ஆகவே ஓட்டத் திசையில் 500-க்கு 1 என்ற மெல்லிய ஏற்றமும், அதன்பின் 300-க்கு 1 என்ற சற்றே கூடிய இறக்கமுமாக, ரம்பப் பல் போல மாறி மாறிப் பதிப்பது பழைய நடைமுறை. அப்போது காற்று எங்கே சேரும் என்பதைத் தரை முடிவு செய்யாது. வடிவமைப்பாளரே முடிவு செய்வார். ஒவ்வொரு பல்லின் நுனியில் ஏர் வால்வும், அடியில் கழுவு வால்வும் வரும். பதித்து முடித்தபின் உண்மையான மட்டங்களை அளந்து நீள்வெட்டைத் திருத்தி வரைந்து, வால்வுகளின் இடங்களை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இங்கே கட்டாயம்.

எவ்வளவு பெரியது?

அளவைத் தேர்வதற்கு ஒரு நாட்டு வழக்கும் ஒரு முழுக் கணக்கும் உண்டு. மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு வெளியிட்ட குடிநீர் வழங்கல் கையேடு ஒரு விகிதத்தைத் தருகிறது: காற்றை வெளியேற்ற மட்டும் என்றால் குழாய் விட்டத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, உள்ளே விடவும் வெளியேற்றவும் என்றால் எட்டில் ஒரு பங்கு. 1,000 மி.மீ. குழாய்க்கு இரண்டாவது விதிப்படி 125 மி.மீ. வரும், சந்தையில் அதற்கு அடுத்த அளவான 150 மி.மீ. எடுத்துக்கொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த விகிதம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். குழாயை நிரப்பும்போது நீரின் வேகம் நொடிக்கு 0.3 மீட்டரைத் தாண்டக் கூடாது. 1,000 மி.மீ. குழாயில் அது நொடிக்குச் சுமார் 236 லிட்டர். அதே அளவு காற்று வெளியேறினால் போதும். இப்போது அதே குழாய் 200-க்கு 1 சரிவில் இறங்கிக் கால்வாய் ஒன்றின் அடியில் உடைகிறது என்று கொள்வோம். ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரத்தில் உராய்வுக் கெழுவை 130 என்று வைத்தால் நீர் நொடிக்கு 2.6 மீட்டர் வேகத்தில் வடியும். அதாவது நொடிக்கு 2,070 லிட்டர். அவ்வளவு காற்றும் மேலிருந்து உள்ளே வர வேண்டும். நிரப்பும்போது தேவைப்பட்டதைப்போல இது ஏறத்தாழ ஒன்பது மடங்கு. உள்ளே 0.35 பாருக்கு மேல் வெற்றிடம் வரக் கூடாது என்ற வரம்போடு பார்த்தால் சுமார் 150 மி.மீ. துளை வேண்டும். ஆகவே பெருந்துளையின் அளவை உள்ளே வரும் காற்றே தீர்மானிக்கிறது. சரிவு கூடினாலோ குழாய்ச் சுவர் மெலிந்தாலோ எட்டில் ஒரு பங்கு என்ற விகிதம் போதாமல் போகலாம். ஒரே இடத்தில் இரண்டு வால்வுகள் வைக்க நேரும்.

விலைப்பட்டியலில் எழுதியிருக்கும் அளவு ஃபிளான்ஜின் அளவு. உள்ளே இருக்கும் துளை அதைவிடச் சிறியதாக இருக்கக்கூடும். ஆகவே விலைப்புள்ளி கேட்கும்போதே துளையின் விட்டத்தையும், குறிப்பிட்ட அழுத்த வேறுபாட்டில் எத்தனை கன மீட்டர் காற்று உள்ளே போகும், வெளியே வரும் என்று சோதித்து வரைந்த வளைகோட்டையும் கேட்டு வாங்க வேண்டும். வால்வுக்குக் கீழே வைக்கும் கிளைக்குழாயும் ஸ்லூயிஸ் வால்வும் அதே அளவில் இருக்க வேண்டும்; 150 மி.மீ. வால்வை 80 மி.மீ. கிளையில் உட்கார வைத்தால் அது 80 மி.மீ. வால்வுதான்.

சிறு துளையைத் தேர்வதற்கு அடிப்படை, அந்த இடத்தில் வரக்கூடிய உச்ச அழுத்தம். பி.என். 10, பி.என். 16, பி.என். 25 என்ற மதிப்பீடுகளில் தேவையானதைவிடக் குறைந்ததை வாங்கினால் மிதவை துளையில் ஒட்டிக்கொண்டு விழாது. குறைந்தபட்ச அழுத்தமும் கவனிக்க வேண்டியதே. அழுத்தச் சரிவுக் கோடு குழாயின் முதுகுக்கு மிக அருகே போகும் இடத்தில் மிதவையை ரப்பர் இருக்கையில் அழுத்திப் பிடிக்கப் போதிய விசை இருக்காது. வால்வு நாள் முழுதும் சொட்டும். புவியீர்ப்புக் குழாயின் கடைசிப் பகுதியில் இது அடிக்கடி நேரும். குறைந்த அழுத்தத்திலேயே கசிவின்றி மூடும் இருக்கை உள்ள வால்வை அங்கே கேட்டு வாங்க வேண்டும்.

நீரின் தன்மைக்கேற்ப உலோகமும் மாறும். எதிர்சவ்வூடு பரவலில் உப்பு நீங்கிய நீர் இரும்பையும் சிமெண்டுப் பூச்சையும் அரிக்கும் இயல்புள்ளது. அத்தகைய நீரோடும் குழாயில் வால்வின் உட்புறம் எபாக்சி பூசியிருப்பதும், மிதவையும் அச்சும் துருவேறா எஃகிலோ தகுந்த பிளாஸ்டிக்கிலோ இருப்பதும் நல்லது. மண்டி உள்ள ஏரி நீருக்குச் சிறு துளை எளிதில் அடையாத வடிவம் வேண்டும்.

வேகமும் அடியும்

ஒரே அழுத்த வேறுபாட்டில் காற்று நீரைவிட ஏறத்தாழ 29 மடங்கு வேகமாகத் துளை வழியே பாயும். அதன் அடர்த்தி நீரில் எண்ணூற்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு என்பதே காரணம். காற்று போகும் வரை தடையின்றி முன்னேறிய நீர்த்தம்பம், கடைசிக் காற்றும் போய்ப் பந்து துளையை அடைத்த கணத்தில் திடீரென்று நிறுத்தப்படுகிறது. வேகம் நொடிக்கு 1 மீட்டர் அற்றுப்போனால் எஃகுக் குழாயில் ஏறத்தாழ 100 மீட்டர் அழுத்த உயரம், அதாவது 10 பார், ஒரே அடியாக ஏறும். ரஷ்யப் பொறியாளர் ஜூகோவ்ஸ்கி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாஸ்கோ நீர்க்குழாய்களில் சோதித்து நிறுவிய விதி இது. நிரப்பும் வேகத்தை 0.3 மீட்டரில் நிறுத்தினால் அடி சுமார் 3 பாரோடு முடியும். அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டர் நிரம்ப 55 நிமிடமும் 60 கிலோமீட்டர் நிரம்ப இரண்டு நாளுக்கு மேலும் ஆகும். பழுது முடிந்ததும் அவசரப்பட்டு வால்வை முழுக்கத் திறந்துவிடும் இடங்களில், சரிசெய்த குழாய் அடுத்த நாளே வேறோர் இடத்தில் உடைவதற்கு இந்த அவசரமே பல நேரம் காரணம்.

பழைய பந்து வால்வுகளில் இன்னொரு குறை உண்டு. காற்று மிக வேகமாக வெளியேறினால், நீர் வந்து சேரும் முன்பே அந்தக் காற்றோட்டம் பந்தைத் தூக்கித் துளையில் ஒட்ட வைத்துவிடும். குழாயில் பாதிக் காற்று அப்படியே சிறைப்படும். கைனடிக் வால்வுகளில் மிதவையின் உருவத்தையும் அதைச் சுற்றியுள்ள வழியையும் மாற்றி இந்தக் குறையைப் போக்கியிருக்கிறார்கள். காற்றை விரைவாக உள்ளே விட்டு மெதுவாக வெளியே விடும் இரண்டு கட்ட வால்வுகளும் கிடைக்கின்றன. மின்தடையில் பம்ப் நின்று நீர்த்தம்பம் பிரிந்து மீண்டும் மோதும் இடங்களுக்கு இவை ஏற்றவை. இந்திய நடைமுறையில் ஏர் குஷன் வால்வு என்று வழங்குவதும் இதே கருத்தில் பிறந்ததே: உள்ளே வந்த காற்றை உடனே விடாமல் மெத்தையாகப் பிடித்துவைத்து மோதலைத் தணிக்கும். நீண்ட பம்பிங் குழாயில் ஏர் வால்வு மட்டுமே முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது. அழுத்த அலையைத் தணிக்கும் சர்ஜ் டேங்க், ஜீரோ வெலாசிட்டி வால்வு ஆகியவற்றோடு சேர்த்து அழுத்த அலைக் கணக்கைப் போட்ட பிறகே எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

பொருத்துதலும் பராமரிப்பும்

ஏர் வால்வு குழாயின் முதுகில் நிமிர்ந்து நிற்க வேண்டும். சாய்ந்தால் மிதவை இருக்கையில் சரியாகப் படியாது. அடியில் ஒரு ஸ்லூயிஸ் வால்வோ பட்டர்ஃபிளை வால்வோ அவசியம். அது இருந்தால்தான் நெடுங்குழாயை நிறுத்தாமல் ஏர் வால்வைக் கழற்ற முடியும். அதே அடிவால்வை மூடி வைத்துவிட்டு மறந்துபோவது, ஏர் வால்வே இல்லாத நிலைக்குச் சமம். களத்தில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் தவறு இது.

செங்கல் சேம்பருக்குள் வைத்தால் காற்று போய்வரத் துளையோ புகைபோக்கி போன்ற குழாயோ வேண்டும். கனத்த மூடியால் இறுக அடைத்துவிட்டால் வால்வு மூச்சுவிட முடியாது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஏரிகள் நிரம்பிச் சாலையோரம் நீர் தேங்குவது வழக்கம். சேம்பரில் மழைநீர் நிறைந்து வால்வு மூழ்கியிருக்கும்போது பம்ப் நின்றால், காற்றுக்குப் பதிலாகச் சேற்றுநீரைத்தான் குழாய் உறிஞ்சும். வால்வின் வெளிவாயை வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்தி, நுனியைக் கீழ்நோக்கி வளைத்து, கொசுவலை போன்ற கம்பிவலை கட்டுவதே இதற்குத் தீர்வு.

தமிழகத்தில் ஏர் வால்வு பொதுமக்கள் அறிந்த பொருள். கூட்டுக் குடிநீர்க் குழாய் போகும் சாலையில், கசியும் ஏர் வால்வுக்கு அடியில் குடங்கள் வரிசையாக நிற்பது பல மாவட்டங்களில் பழகிய காட்சி. மணல் சிக்கியோ ரப்பர் தேய்ந்தோ தொடங்கும் கசிவு, நாளடைவில் குச்சியோ கல்லோ செருகி நிரந்தரமாக்கப்படும். கீழே விழும் நீர் குழியாகித் தேங்க, ஆடு மாடுகள் அங்கே நிற்க, மின்தடையின்போது அதே குழிநீர் குழாய்க்குள் போகும். கை எட்டாதபடி துளையை மறைத்த, எளிதில் குலைக்க முடியாத வடிவங்கள் இதனால்தான் பரவலாயின. பூட்டுப் போடுவதோடு, குழாய் கடந்து செல்லும் ஊருக்கு முறையான ஒரு பொதுக்குழாய் தருவதும் சேர்ந்தால்தான் வால்வு தப்பும். ஆலைகளுக்குப் போகும் மறுபயன்பாட்டு நீரின் வால்வுகளில் ‘இது குடிநீர் அல்ல’ என்ற அறிவிப்பும் தனி நிறமும் தேவை.

பராமரிப்பு எளிது, விடாமல் செய்வதுதான் கடினம். ஆண்டுக்கு இருமுறையாவது, பருவமழைக்கு முன் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும், ஒவ்வொரு வால்வையும் திறந்து பார்க்க வேண்டும். அடிவால்வை மூடி, வடிகுழாயைத் திறந்து அழுத்தத்தைக் கழித்து, மூடியைக் கழற்றி, மிதவையில் படிந்த துருவையும் பாசியையும் துடைத்து, சிறு துளையை மெல்லிய செம்புக் கம்பியால் சுத்தம் செய்து, ரப்பர் இருக்கையில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். மிதவையைக் கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே நீர் குலுங்கும் ஓசை கேட்டால் அது ஓட்டை, இனி மிதக்காது. திரும்பப் பொருத்தியபின் அடிவால்வை மெதுவாகத் திறக்கும்போது முதலில் காற்றின் சீற்றம், பிறகு சில துளி நீர், பிறகு அமைதி என்ற வரிசையில் முடிந்தால் வால்வு சரி. சொட்டு நிற்காவிட்டால் இருக்கையில் இன்னும் தூசி இருக்கிறது என்று பொருள். வால்வின் எண், இடம், சரிபார்த்த நாள், அடிவால்வு திறந்திருக்கிறதா என்ற விவரம் ஆகிய நான்கும் பதிவேட்டில் ஏறினால் அடுத்து வரும் பணியாளருக்குத் தேடும் வேலை மிச்சம்.

அடுத்த இதழில்: குழாயின் தாழ்வான இடங்களில் அமையும் கழுவு வால்வுகள்.